கரையில் பெயர் சொல்லக் கூடாது

கார்த்திகை 24, ஞாயிறு

குளத்து மட்டம் ஒன்பதரை அடி. மழை இல்லை, வெயிலும் இல்லை.

போன வருடப் பொதுக்கூட்டத்தில் சொர்ணம் வாத்தியார் எழுந்து, "பிரமநாயகம் நோட்டுல குளத்தத் தேடுனா அவரு வீட்டுக் கததான்யா கெடைக்குது" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். கொடிமரத்தூர்ப் பெரியகுளத்துப் பாசன சங்கத்துக்குப் பன்னிரண்டு வருடமாகச் செயலாளராக இருந்து மாரடிக்கிறவனுக்கு இதுதான் மரியாதை. அதனால் இந்த மழைக்காலத்துக்கு இரண்டு நோட்டு போட்டுவிட்டேன். மட்டம் சங்கத்து நோட்டில், மிச்சமெல்லாம் இதில். இதை எவனும் வாசிக்க வேண்டாம். ஆனால் பழக்க தோஷம், மட்டம் இங்கேயும் வந்துவிடுகிறது.

மறுகாலில் மூட்டை அடுக்கும் வேலை இன்று முடிந்தது. மறுகால் என்பது கரையின் கிழக்குக் கோடியில், ஊரை ஒட்டி இருக்கிற தாழ்ந்த கல்கட்டு. குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அது வழியாகத் தானே வழிந்து ஓடைக்குப் போய்விடும். அதன் தலையில் இரண்டடிக்கு மண்மூட்டை அடுக்கினால் இரண்டடித் தண்ணீர் கூட நிற்கும், கோடையில் உளுந்துக்கு ஆகும். மூன்று வருடமாக அடுக்குகிறோம். சாக்கு முந்நூறும் என் சிமெண்டுக் கடைச் சாக்கு. ஒருத்தனும் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை.

மடை திறந்து மூடுகிற தளவாய் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். "வேண்டாம் அண்ணாச்சி. இந்தத் தடவ காத்து ஒரு மாதிரி இருக்கு" என்றான்.

"காத்து ஒன்கிட்ட வந்து சொல்லிச்சாக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன்.

கார்த்திகை 26, செவ்வாய்

மட்டம் பத்தே கால். நேற்று மதியத்திலிருந்து விடாத தூறல்.

அடுக்களை ஒழுகுகிறது. ஊருக்கெல்லாம் சிமெண்டு விற்கிறவன் வீடு ஒழுகுகிறது என்று என் வீட்டுக்காரி ஆவுடை காலையிலிருந்து நாலு தரம் சொல்லிவிட்டாள். மிக்சியும் புகைந்துவிட்டது. அம்மியில் அரைத்த துவையல் பிரமாதமாக இருந்தது. சொன்னால் மிக்சியைச் சரிபண்ணாமல் தப்பிக்கப் பார்க்கிறேன் என்பாள், அதனால் சொல்லவில்லை.

சிமெண்டு இருப்பு வைக்கிற கிட்டங்கிக்குப் போய் வந்தேன். ஊரை ஒட்டி, மேலமடை வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறது. வாய்க்காலிலேயே இருக்கிறது என்று சில பேர் சொல்கிறார்கள். சர்வேயர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல்தான் போனார். நான் கட்டும்போது அது வாய்க்காலாகவா இருந்தது? உடைமரக் காடு. கரையின் மேற்குக் கோடியில் இருக்கிற அந்த மேலமடையைத் திறந்து ஒன்பது வருடம் ஆகிறது. சங்கிலி போட்டுப் பூட்டி, சாவி சங்கப் பெட்டியில், பெட்டி என்னிடம். கிட்டங்கிக்குள்ளே இப்போது அறுநூறு மூட்டை சிமெண்டு நிற்கிறது.

கார்த்திகை 28, வியாழன்

மட்டம் பன்னிரண்டு. குளம் பெருகிவிட்டது.

மூட்டை இல்லாவிட்டால் இந்நேரம் மறுகால் பாய்ந்திருக்கும். ஒரு சொட்டு வழியவில்லை. காலையில் ஊரே வந்து பார்த்துவிட்டுப் பெருமையாக நின்றது. ஒன்றே கால் மைல் கரை, அதன் நெஞ்சு வரைக்கும் தண்ணீர். அசையவே இல்லை. இவ்வளவு தண்ணீருக்கு ஒரு தவளைச் சத்தம் வேண்டாமா? இல்லை. போன வாரம் கொக்கும் நாரையும் அப்பிக் கிடந்த உடைமரங்கள் வெறுமனே நிற்கின்றன. எங்கே போயின என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. கரையின் உள்சரிவில் இரண்டு சாரைப்பாம்புகள் பக்கம் பக்கமாகப் படுத்திருந்தன. ஆள் வந்தும் நகரவில்லை.

இன்று முதல் கரைக்காவல். ஆளுக்கு ஒரு பர்லாங். முறை எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் எடுத்துச் சொன்னேன். கரையில் நிற்கும்போது யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. தேவையென்றால் மண்வெட்டியைக் கல்லில் தட்ட வேண்டும். ஒரு தட்டு, இருக்கிறேன். இரண்டு தட்டு, வா. யாருடைய பெயராவது காதில் விழுந்தால் அது மனுஷக் குரல் இல்லை, குளத்தம்மை கூப்பிடுகிறாள். கூப்பிட்டதற்கு 'ஏன்' என்று குரல் கொடுக்கக் கூடாது. பதில் சொன்னவனை அவள் எடுத்துக்கொள்வாள்.

நான் பி.காம். படித்தவன். இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் முறை முறைதான். காவலுக்கு வந்த சொரிமுத்து மறந்துபோய் "தளவாய்" என்று வாயெடுத்தபோது நானே அதட்டினேன்.

கார்த்திகை 29, வெள்ளி

மட்டம் பதிமூன்று.

பதினோரு மணிக்குத் தளவாய் கடைக்கு வந்தான். நனைந்த கோழி மாதிரி வாசலிலேயே நின்றான்.

"மேலமடைச் சாவியக் குடுங்க அண்ணாச்சி. மறுகால் மூட்டையையும் பிரிச்சிருவோம். மேக்க மலையில பெய்யுத மழ இன்னும் இங்க வந்து சேரல. வந்துச்சுன்னா கர தாங்காது."

"மூட்டையப் பிரிக்கணும்னா சங்கம் கூடணும்லா. நாளைக்குப் பாப்பம்."

"சரி, சாவியாவது குடுங்க. தண்ணி அந்தப் பக்கமும் கொஞ்சம் போனா பாரம் கொறையும்."

"மேலமடையத் தெறந்தா தண்ணி எங்கன போகும்னு தெரியுமால?"

"தெரியும்" என்றான். "வாய்க்கால்ல போகும்."

நான் பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவன் போகவில்லை. குரலைத் தாழ்த்தி, "நாளைக்கும் இப்பிடியே பெஞ்சுதுன்னா சங்கிலிய ஒடச்சாவது தெறந்துருவேன். ஒங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். மத்தவங்களுக்குத் தெரிஞ்சா கூடி நின்னு மறிப்பாவ" என்றான்.

போகட்டும் என்று விட்டுவிட்டேன். வாயில் வந்ததைப் பேசுகிறான். கிட்டங்கிக்காகத்தான் நான் சாவி கொடுக்கவில்லை என்று நினைத்திருப்பான். அப்படி ஒன்றும் இல்லை. எதையும் சங்கம் கூடித்தான் முடிவெடுக்க வேண்டும்.

மார்கழி 1, சனி

மதியம் மூன்று மணிக்கு நடுக்கரை உடைந்துவிட்டது. பள்ளிக்கூடத்து மாடியில் இருக்கிறோம். ஆவுடை பத்திரம். சங்கப் பெட்டி பத்திரம். இதற்கு மேல் எழுத முடியாது.

மார்கழி 2, ஞாயிறு

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மட்டம் எழுத மட்டக்கல்லே இல்லை.

நேற்று விடிந்ததிலிருந்து பெய்தது மழையே இல்லை. மேலிருந்து ஒரு குளத்தைத் தூக்கிக் கவிழ்த்த மாதிரி இருந்தது. மூட்டைகளைப் பிரிக்க மறுகாலுக்கு ஓடினோம். ஒன்றுகூட வரவில்லை. சாக்கில் ஒட்டியிருந்த சிமெண்டுத் தூள் நனைந்து, மூட்டையோடு மூட்டை இறுகி ஒரே சுவராகிவிட்டது என்று சொரிமுத்து சொன்னான். சொல்லும்போது என்னைப் பார்த்தான். வேண்டுமென்றா கொடுத்தேன்? கடப்பாரை போட்டுக் குத்தியும் பத்து மூட்டைதான் பெயர்ந்தது.

இரண்டு மணிக்குக் கோயில் மைக்கில் சொல்லிக் கீழத்தெருவைக் காலி பண்ணினோம். கடைசி ஆள் பள்ளிக்கூடத்துக்கு ஏறி முடித்த கொஞ்ச நேரத்தில் கரை போயிற்று. லாரியில் மண் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்று காலையில் பார்த்தால் கரையில் இருநூறு அடியைக் காணோம். மேற்குப் பாதி தனியாக நிற்கிறது. அந்தப் பக்கம் போக வழி இல்லை. அங்கே முழுக்க உடைமரமும் மூட்டமும்தான், ஒன்றும் தெரியவில்லை.

இங்கே ஊரே இருக்கிறது. ரேஷன் கடை அரிசியில் சாம்பார் சாதம். விறகெல்லாம் ஈரம், ஒடிந்த பெஞ்சுகளை எரிக்கச் சொல்லிவிட்டார் ஹெட்மாஸ்டர். சொர்ணம் வாத்தியார் வீடு வாரியாகப் பெயர் வாசித்தார். எல்லோரும் இருக்கிறார்கள். தளவாய் மட்டும் இல்லை.

அவன் பெண்டாட்டி முப்புடாதி நேரே என்னிடம் வந்தாள். "அண்ணாச்சி, அவுக நேத்து காலையிலேயே கடப்பாரையும் மம்பட்டியும் எடுத்துட்டுப் போனாவ. ஒங்ககிட்ட எதும் சொன்னாவளா?"

சுற்றிலும் பத்துப் பேர் நின்றார்கள். "மறுகாலுக்குத்தான் வந்துருப்பான். மூட்ட பிரிக்குத எடத்துல பாத்த மாதிரி இருந்துச்சு" என்றேன். பார்த்த மாதிரிதான் இருந்தது. எல்லோரும் மழைக்குச் சாக்கைத் தலையோடு கொங்காணி போட்டு நின்றார்கள், யார் எவர் என்று எப்படித் தெரியும்? தாலுகா ஆபீசிலிருந்து வந்தவரிடமும் அதையே சொன்னேன். மறுகாலுக்குக் கிழக்கே ஓடையில் தேடச் சொல்லி எழுதிக்கொண்டார். முப்புடாதி அந்த நிமிஷமே மறுகாலுக்குப் போய்விட்டாள்.

நாலு மணிக்கு மழை சற்று ஓய்ந்தது. நானும் சொரிமுத்துவும் கரை வழியாக உடைப்பின் விளிம்பு வரை போனோம். தண்ணீர் செம்மண் நிறத்தில் சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது மேற்கேயிருந்து வந்தது.

"பிரமநாயகம் அண்ணாச்சீ."

சத்தமாக இல்லை. தண்ணீர் மேலாகவே ஊர்ந்து வந்து காலடியில் நின்ற மாதிரி இருந்தது. சொரிமுத்து தன் கால் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு தரம் வந்தது. இரண்டு பேரும் திரும்பி நடந்துவிட்டோம். 

மார்கழி 3, திங்கள்

கஞ்சி, துவையல். குடிக்கிற தண்ணீர் வண்டி வரவில்லை, மழைத் தண்ணீரைப் பிடித்துக் காய்ச்சுகிறோம். கக்கூஸ் விஷயமாக இரண்டு தெருவுக்குச் சண்டை. நான் போய்த் தீர்த்துவைத்தேன்.

எனக்கு வந்த சத்தம் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. சொரிமுத்து சொல்லியிருக்கிறான். காலையில் உடைப்பைப் பார்க்கப் போன மூன்று பேருக்கும் என் பெயர்தான் கேட்டிருக்கிறது. இப்போது நான் வந்தால் பெண்கள் பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் இடம் விட்டு நிற்கிறார்கள். அம்மை என்னைக் குறித்துவிட்டாளாம்.

ஆவுடை என் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டினாள். "கரப்பக்கம் போகாதீங்க, ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன்" என்று அழுதாள். இருபத்தாறு வருடத்தில் அவள் எனக்காக அழுது பார்த்ததில்லை. 

தளவாய் வளர்க்கிற செவலை நாய் உடைப்பின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. மழையிலும் எழுந்திருக்கவில்லை. மேற்கே பார்த்து வாலை ஆட்டுகிறது. அங்கே யாருமே இல்லை. பார்க்கச் சகிக்கவில்லை. ஆளை விட்டுப் பிடித்துவரச் சொல்லிப் பள்ளிக்கூடத்துத் தூணில் கட்டிப்போட்டேன்.

மதியம் இடுப்பளவுத் தண்ணீரில் கிட்டங்கிக்குப் போனேன். அறுநூறு மூட்டையும் கல். அதற்காக அழக்கூட வரவில்லை. மேற்குச் சுவர் உள்பக்கமாக விழுந்து கிடக்கிறது. உடைப்புத் தண்ணீர் அந்தத் திசையிலிருந்து வந்திருக்க முடியாது. வாய்க்கால் வழியாக வந்திருக்கிறது, இன்னும் வந்துகொண்டிருக்கிறது. மேலமடை பூட்டியல்லவா இருக்கிறது?

திரும்பி வந்து சங்கப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சாவி இருக்கிறது.

மார்கழி 4, செவ்வாய்

ஊர்க்கூட்டம் போட்டு அம்மையைச் சாந்தப்படுத்த முடிவாயிற்று. பூ, மஞ்சள், பச்சைச் சேலை, எல்லாம் எப்படியோ சேர்ந்துவிட்டது. கொட்டுக்கு ஆள் நான்தான் ஏற்பாடு பண்ணினேன். கீழத்தெருவில் மேளம் வைத்திருக்கிற இரண்டு பேர், மேளத்தைத் தலையில் சுமந்து காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். காலை எட்டு மணியிலிருந்து உடைப்பின் விளிம்பில் நின்று மாற்றி மாற்றி அடித்தார்கள். அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாளைக்குப் பிறகு எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. பொழுது சாய்கிற வரை அடிக்கச் சொன்னேன்.

ஓடையில் தேடினவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். முப்புடாதி மறுகாலை விட்டு நகரவில்லை. சாதம் கொண்டுபோன ஆவுடை அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். "ஓடையில போற ஒவ்வொரு மட்டையையும் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கா. எனக்கு வயிறு எரியுது" என்றாள்.

மதியம் மேளக்காரர்கள் தண்ணீர் குடிக்க நிறுத்தினார்கள். ஒரு நிமிஷம் இருக்கும். "அண்ணாச்சீ" என்று வந்தது. பெயர் இல்லை, அது மட்டும். குரல் கரகரத்து நடுவில் உடைந்தது.

குளத்தம்மைக்குத் தொண்டை கட்டுமா?

அடிங்கலே, ஏன் நிறுத்தினீங்க என்று கத்தினேன். அடித்தார்கள்.

மார்கழி 5, புதன்

கடற்கரை ஊர்களிலிருந்து லாரியில் ஃபைபர் படகுகளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்திருக்கிறார்கள். நம் ஊருக்கு ஒன்று. படகுக்காரர் பெயர் தொம்மை, ஐம்பது வயது இருக்கும், கறுத்த ஆள், வந்ததும் வராததுமாக முதல் கேள்வி: "ஆள் யாரும் காணாமப் போயிருக்காங்களா?"

வழி காட்ட நானும் சொரிமுத்துவும் ஏறினோம். ஆவுடை படியில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் ஏன் ஏறினேன் என்று எனக்கே தெரியவில்லை. செயலாளர் போகாவிட்டால் நன்றாக இருக்காது என்று நினைத்திருக்கலாம்.

உடைப்புக்கு நேரே வந்ததும் தொம்மை எஞ்சினை அணைத்தார். "ஓய், சும்மா இருங்க. யாரோ கூப்பிடுதாவ" என்றார்.

எனக்கும் கேட்டது. இன்று வார்த்தையே இல்லை. ஆட்டுக்குட்டி முனகுகிற மாதிரி ஒரு சத்தம், நின்று நின்று வந்தது.

அவர் இரண்டு கையையும் வாயில் குவித்தார். சொரிமுத்து பாய்ந்து கையைப் பிடித்தான். "வேண்டாம் அண்ணாச்சி, பதில் சொல்லாதீங்க! இங்க ஒரு முற இருக்கு!"

"என்ன முற?" கையை உதறினார். "கடல்ல ஒருத்தன் கூப்பிட்டா தூங்குதவன்கூட எந்திரிச்சு பதில் சொல்லுவான்." பிறகு, "ஓஓய்! வாரோம்!" என்று கத்தினார். நான் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மேற்கே அந்தச் சத்தம் ஒரே ஒரு தரம் கூடியது.

தொம்மை என்னிடம் கேட்டார். "அங்கன என்ன இருக்கு?"

"மேலமடை" என்றேன்.

"ஆள் இருக்கா?"

"இருக்கான். தளவாய்."

சொரிமுத்து திரும்பி என்னைப் பார்த்தான். அவனைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

உடைமரங்களுக்கு நடுவே மடையின் இரண்டு கல்தூணும் தெரிந்தன. சங்கிலி அறுந்து தொங்கியது. மடைப்பலகை முழுக்க மேலே ஏறி இருந்தது, தண்ணீர் அடியில் சுழித்துப் போய்க்கொண்டிருந்தது. தளவாய் தூணைக் கட்டிப்பிடித்தபடி இருந்தான். இடது கால் பலகைச் சட்டத்துக்கும் கல்லுக்கும் நடுவில் சிக்கி இருந்தது. வேட்டியைக் கிழித்துத் தன்னைத் தூணோடு கட்டியிருந்தான். உடம்பு வெள்ளைக் காகிதமாக ஊறிப்போயிருந்தது. கண் மட்டும்தான் மனுஷக் கண்.

அந்தக் கண் என்னைக் கண்டுபிடித்தது. உதட்டுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனால்தான் கேட்டது.

"கேக்கலயா அண்ணாச்சி?"

"கேக்கல" என்றேன். "மழச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலப்பா."

"அப்பம் சரி" என்றான். "மம்பட்டி தண்ணியோட போயிட்டு. தட்ட ஒண்ணுமில்ல. பேரு சொல்லக் கூடாதுதான். ஆனா நான் இங்கன இருக்கது ஒங்களுக்கு மட்டுந்தான தெரியும். எப்பிடியும் வந்துருவீங்கன்னு இருந்தேன்."

காலை எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. தொம்மையும் சொரிமுத்துவும்தான் எடுத்தார்கள். நான் படகைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மார்கழி 7, வெள்ளி

வெயில்.

தளவாய் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறான். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இரண்டு நாளைக்கு முன்னால் வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். உயிருக்கு ஒன்றும் இல்லை.

என்ஜினீயர் ஒருவர் வந்து கரையைப் பார்த்தார். மறுகால் மூட்டைகளைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, யார் அடுக்கினது என்று கேட்டார். எல்லோரும் எங்கெங்கோ பார்த்தோம். மேலமடை திறந்திருந்ததால்தான் கரை மூன்று மணி வரை தாங்கியிருக்கிறது, இல்லையென்றால் ஒரு மணிக்கே போயிருக்கும் என்றார். ஒரு மணிக்குக் கீழத்தெருவில் அத்தனை பேரும் வீட்டுக்குள் இருந்தார்கள். சோறு தின்கிற நேரம்.

சொரிமுத்து என்னோடு பேசுவதில்லை. மற்றவர்கள் வேறு மாதிரி ஆகிவிட்டார்கள். அம்மை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது எடுத்துக்கொள்ள இல்லையாம், தளவாய் இருக்கிற இடத்தைக் காட்டத்தானாம். என்னைப் பார்த்ததும் கும்பிடுகிறார்கள். வரிசையில் முன்னால் விடுகிறார்கள். கூட்டம் போட்டுத் துண்டு போர்த்தப் போவதாகச் சொர்ணம் வாத்தியாரே வந்து சொன்னார். வேண்டாம் என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். அவர் விடவில்லை. ஆவுடை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. மழைத் தண்ணீர் குடித்ததால் இருக்கும்.

மார்கழி 8, சனி

துண்டு போர்த்தினார்கள். கதர்த் துண்டு, ஈர வாடை. பேசச் சொன்னார்கள். ஊர் ஒற்றுமையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினேன்.

மார்கழி 11, செவ்வாய்

கடையைக் கழுவிக்கொண்டிருந்தேன். காலை ஒன்பது மணிக்கு முப்புடாதி வந்தாள். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக, தளவாய் உடுத்த இரண்டு சாரமும் ஒரு சொம்பும் பையில் வைத்திருந்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"அண்ணாச்சி, மேலமடச் சாவி ஒங்ககிட்டத்தான இருந்துச்சு?"

சொரிமுத்து சொல்லியிருப்பான். அல்லது தளவாயே சொல்லியிருப்பான். அவன் குற்றமாகச் சொல்லியிருக்க மாட்டான், நடந்ததைச் சொல்லுகிற மாதிரி சொல்லியிருப்பான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"ஆமா" என்றேன்.

"அவுக கேட்டாவளா?"

"கேட்டான்."

"தெறக்கப் போறேன்னு ஒங்ககிட்டச் சொல்லிட்டுப் போனாவளா?"

பொய் வாய் வரைக்கும் வந்தது. எத்தனையோ தயாராக வைத்திருந்தேன். கிட்டங்கியைப் பற்றி, சங்க விதியைப் பற்றி, கரை முறையைப் பற்றி. அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் நிற்கவில்லை.

"சொன்னான்" என்றேன். "கூப்பிட்டதும் கேட்டுது. மொத நாளே கேட்டுது. அவன் கொரல்னு தெரியும். நாந்தான் கொட்டு அடிக்கச் சொன்னேன்."

சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றுவாள், தெருவைக் கூட்டுவாள் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். என் கடை வாசலில் காய்கிற சாக்குகளைப் பார்த்தாள்.

"நீங்க மறுகால்னு சொன்னீங்க. நாலு நாளும் நான் கெழக்காமப் பாத்தே நின்னேன் அண்ணாச்சி. ஓடையில ஒரு மட்ட போனாலும் அவுக கைதானோன்னு எறங்கி எறங்கிப் பாத்தேன். அந்தத் தண்ணி எரச்சல்ல எனக்கு ஒண்ணுமே கேக்கல. இன்ன எடம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா நான் மேக்காமத் திரும்பி நின்னுருப்பேன். எனக்குக் கேட்டுருக்கும். அம்ம கூப்பிடுதாளோ பேய் கூப்பிடுதோ, நான் ஏன்னு கேட்டுருப்பேன்."

பஸ் ஹாரன் அடித்தது. "அவுகளுக்கு இது எதுவும் தெரிய வேண்டாம்" என்றாள். "நீங்க கேக்கலன்னு சொன்னத நம்பிக்கிட்டு இருக்காவ. அதனாலதான் கண்ணு மூடித் தூங்குதாவ."

சொல்லிவிட்டுப் போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.